புகை எந்த உயரத்தில் வந்தது?

2002 ஜூலையில் கனடாவின் கியூபெக் மாகாணக் காடுகள் பற்றி எரிந்தன. அந்தப் புகை நாட்டு எல்லையைத் தாண்டித் தெற்கே இறங்கி, அமெரிக்காவின் வாஷிங்டன், பால்டிமோர் நகரங்கள் வரை வந்து கவிந்தது. செயற்கைக்கோள் படத்தில் அந்தச் சாம்பல் நிறப் பட்டை யார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒரு விஷயம் மட்டும் தெரியாது. அந்தப் புகை மக்கள் மூச்சுவிடும் காற்றில் கலந்திருக்கிறதா, அல்லது அவர்கள் தலைக்கு மேலே கடந்து போய்க்கொண்டிருக்கிறதா?

பதில் வாஷிங்டனை ஒட்டிய நாசாவின் காடர்ட் விண்வெளி மையத்தில், வானத்தை நோக்கி நிறுத்தப்பட்டிருந்த லேசர் கருவியிடம் இருந்தது. புகை முதலில் தரையைத் தொடாமல் உயரே ஒரு தனி அடுக்காக வந்து சேர்ந்ததையும், அப்புறம் பகல் வெப்பத்தில் கீழிருந்து எழும்பிய காற்று அதை எட்டிப் பிடித்துத் தரைக்கு இழுத்து வந்ததையும் அந்தப் பதிவு காட்டியது. பின்னர் அதே நிகழ்வைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தவர்கள், காட்டுத்தீ தன் புகையை 2 முதல் 6 கி.மீ. உயரத்துக்கு வீசி எறிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள்.

பிராந்திய அளவிலான காற்று மாசு பற்றிய எந்த விவாதமும் கடைசியில் 'இது யாருடைய புகை?' என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். நகரம் பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டும். அவர்கள் நகரத்து வண்டிகளைக் கைகாட்டுவார்கள். எந்த உயரத்தில் வந்தது, எப்போது கீழே இறங்கியது என்று தெரியாமல் இந்த வழக்கைத் தீர்க்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. தரையில் இருக்கும் அளவீட்டு நிலையங்கள் எத்தனை கூடினாலும் அந்தக் குறை தீராது. காரணம் எளிது: அவை எல்லாமே தரையில்தான் இருக்கின்றன.

நிலத்தை ஒட்டிய காற்று மேலே எவ்வளவு தூரம் கலக்கிறது என்பது ஒரே நாளுக்குள் பெரிதாக மாறும். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று குமிழ் குமிழாக மேலெழுந்து, பிற்பகலில் 1 முதல் 2 கி.மீ. உயரம் வரை உள்ளதை எல்லாம் கலக்கிவிடுகிறது. இதைக் கலப்பு அடுக்கு என்பார்கள். சூரியன் மறைந்ததும் நிலம் வேகமாகக் குளிர்கிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்று என்று நிலைமை தலைகீழாகி, கலப்பு 100, 200 மீட்டருக்குள் முடங்கிப் போகிறது. 1,600 மீட்டர் உயரத்துக்குப் பரவியிருந்த அதே அளவு புகையை 200 மீட்டருக்குள் அடைத்தால் செறிவு 8 மடங்காகும். கூடுதலாக ஒரு வண்டி ஓட வேண்டாம், ஒரு ஆலை எரிய வேண்டாம். தரை நிலையத்தின் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்களின் அளவு, ஏறியிருக்கிறது என்றால் மாசு கூடியிருக்கலாம், அல்லது கலப்பு அடுக்கு மட்டும் தாழ்ந்திருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது.

செயற்கைக்கோளுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். பெரும்பாலான செயற்கைக்கோள் கருவிகள் தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை உள்ள துகள்கள் அனைத்தும் சேர்ந்து ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்ற ஒரே மொத்தக் கணக்கைத்தான் தருகின்றன. அதில் 3 கி.மீ. உயரத்தில் போகும் புகையும் தெருவில் நிற்கும் புகையும் ஒன்றுதான். அந்த மொத்தத்தை உயரவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் வேலையைத்தான் லேசர் செய்கிறது.

இந்தக் கருவியின் பெயர் லிடார். ரேடார் ரேடியோ அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. லிடார் அதற்குப் பதிலாக ஒளியை அனுப்புகிறது. 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1963-இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபியோக்கோவும் ஸ்மல்லினும் ரூபி லேசரை வானை நோக்கிச் செலுத்தி மேல் வளிமண்டலத்திலிருந்து திரும்பிய ஒளியைப் பதிவு செய்துவிட்டார்கள். இன்றைய கருவிகளில் பெரும்பாலும் நியோடிமியம் யாக் என்ற படிக லேசர் இருக்கும். அதன் 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு, 532 பச்சை, 355 புற ஊதா ஆகிய மூன்று அலைநீளங்களும் இந்தத் துறையில் தினமும் புழங்கும் எண்கள்.

ஒரே ஒரு துடிப்பைப் பின்தொடர்ந்து பார்ப்போம். நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம் மட்டும் நீடிக்கும் பச்சை ஒளித் துடிப்பு ஒன்று மேலே கிளம்புகிறது. அதன் ஆற்றல் 100 மில்லிஜூல் என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 2,700 கோடி கோடி ஒளித்துகள்கள் இருக்கும். போகிற வழியில் காற்றின் மூலக்கூறுகளும் தூசும் புகையும் அந்த ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. அதில் மிகச் சொற்பமான பங்கு வந்த வழியே திரும்பிக் கீழே இருக்கும் தொலைநோக்கிக்குள் விழுகிறது. துடிப்பு கிளம்பி 10 மைக்ரோ நொடி கழித்து வருகிற ஒளி 1.5 கி.மீ. உயரத்திலிருந்து திரும்பியது, 20 மைக்ரோ நொடி கழித்து வருவது 3 கி.மீ.யிலிருந்து திரும்பியது. திரும்பும் ஒளியை 50 நானோ நொடிக்கு ஒரு முறை எண்ணினால், வானத்தை 7.5 மீட்டர் தடிமனுள்ள தட்டுகளாக வெட்டிப் பார்த்தது போலாகிவிடும். இப்படி நொடிக்குப் பல துடிப்புகள், நாள் முழுக்க.

அப்படியே எண்ணியதை வரைந்தால் மாசு தெரிந்துவிடும் என்று நினைத்தால் அது அவ்வளவு சுலபம் இல்லை. தூரம் கூடக்கூடத் திரும்பும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஒரே அளவு தூசு இருந்தாலும் 3 கி.மீ.யிலிருந்து வருவது 1 கி.மீ.யிலிருந்து வருவதில் ஒன்பதில் ஒரு பங்குதான். இதைத் திருத்துவது எளிது, பெருக்கினால் போதும். உண்மையான சிக்கல் வேறு. மேலே இருந்து வரும் ஒளி குறைவாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அங்கே தூசு குறைவாக இருக்கலாம்; அல்லது தூசு நிறைய இருந்தும், இடையில் உள்ள புகை போகும்போதும் வரும்போதும் ஒளியைத் தின்றிருக்கலாம். ஒவ்வொரு உயரத்திலும் தெரியாத ராசிகள் இரண்டு. கையில் இருக்கும் சமன்பாடு ஒன்றே ஒன்று.

இதைச் சமாளிக்க 1980-களில் கிளெட், ஃபெர்னால்ட் ஆகியோர் வகுத்த கணக்கு முறைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. துகள்கள் ஒளியைக் குறைக்கும் அளவுக்கும் அதைப் பின்னோக்கித் திருப்பும் அளவுக்கும் உள்ள விகிதத்தை முன்கூட்டியே ஊகித்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை. இதற்கு லிடார் விகிதம் என்று பெயர். கடல் உப்புத் துகள்களுக்கு அது 20-25 அளவில் இருக்கும், பாலைவனத் தூசுக்கு 40-55, நகரத்து மாசுக்கும் தீப்புகைக்கும் பெரும்பாலும் 50-க்கு மேல். அதாவது மேலே என்ன இருக்கிறது என்று அறிய, மேலே என்ன இருக்கிறது என்று முதலிலேயே ஒரு ஊகம் வைத்திருக்க வேண்டும். கடற்கரை நகரம் ஒன்றில் காலையில் கடற்காற்றும் மாலையில் நிலத்துப் புகையும் மாறி மாறி வரும்போது ஒரே விகிதத்தை நாள் முழுக்கப் போட்டால் விடை கணிசமாகப் பிசகும். லிடார் படங்களைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என்ன விகிதம் போட்டார்கள் என்பதுதான்.

ஊகம் இல்லாமல் அளக்க வழி உண்டு. 1928-இல் சி.வி. ராமன் கல்கத்தாவில் கண்ட விளைவு இங்கே நேரடியாக உதவுகிறது. 355 நானோமீட்டர் ஒளி நைட்ரஜன் மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி 387 நானோமீட்டராக நிறம் மாறித் திரும்புகிறது. தூசிலிருந்து வரும் ஒளி அப்படி மாறாது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கும் என்பது தெரிந்த கணக்கு. ஆகவே 387-இல் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஒளி வந்தால், அந்தக் குறைவு முழுக்க இடையில் உள்ள மாசு செய்தது. இரண்டு தெரியாத ராசிகளுக்கு இப்போது இரண்டு சமன்பாடுகள். ஒரே குறை, ராமன் சமிக்ஞை மிகவும் மெலிந்தது. பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் மூழ்கிப்போகும். அதனால் ராமன் லிடார்களின் நல்ல அளவீடுகள் பெரும்பாலும் இரவில் எடுத்தவை. இன்னொரு முறை பகலிலும் செல்லும். காற்று மூலக்கூறுகள் வெப்பத்தால் வேகமாக அலைவதால் அவற்றிலிருந்து திரும்பும் ஒளியின் நிறம் இம்மியளவு பரவிவிடுகிறது. கனமான துகள்களிலிருந்து வருவது அப்படிப் பரவாது. மிக நுண்ணிய வடிகட்டியால் இரண்டையும் பிரித்துவிடலாம். கருவி விலை உயர்ந்தது, பராமரிப்பும் கடினம். ஆனால் விண்ணுக்கு அனுப்பும் புதிய கருவிகள் இந்த வழியில்தான் போகின்றன.

என்ன வகைத் துகள் என்பதையும் ஓரளவு சொல்ல முடியும். லேசர் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. உருண்டையான புகைத் துளியில் பட்டுத் திரும்பினால் அந்தத் தளம் பெரிதாக மாறாது. கூரிய முனைகள் கொண்ட மணல் தூசில், எரிமலைச் சாம்பலில் பட்டால் அது குலைந்துபோகும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃப்யாட்லயோகுட் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டு, சுமார் 1 லட்சம் விமானப் பயணங்கள் ரத்தானபோது, வழக்கமான நகர மாசுக்கு நடுவே சாம்பல் எது என்று ஐரோப்பிய லிடார் நிலையங்கள் இந்தச் சோதனையால்தான் பிரித்துக் காட்டின. வாயுக்களுக்கு வேறு உத்தி: ஓசோன் நன்றாக உறிஞ்சும் ஓர் அலைநீளத்தையும் அவ்வளவாக உறிஞ்சாத இன்னொன்றையும் சேர்த்தே அனுப்பி, திரும்பும் ஒளியின் வித்தியாசத்திலிருந்து அளவைக் கணக்கிடுவது. சல்பர் டை ஆக்சைடுக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும்கூட இது பொருந்தும்.

சரி, இப்படி எடுத்த ஒரு நாள் பதிவு பார்க்க எப்படி இருக்கும்? கிடையாக நேரம், செங்குத்தாக உயரம், மாசின் அடர்த்தி நிறமாக. விடியற்காலை 5 மணிக்குத் தரையை ஒட்டி 200 மீட்டர் வரை அடர்த்தியான ஒரு பட்டை. இரவில் அங்கேயே வெளியான புகை அது. அதற்கு மேலே ஏறக்குறைய 1.5 கி.மீ. வரை மங்கலான ஒரு பகுதி. அது நேற்றைய பகலில் கலந்து, மாலையில் தரையிலிருந்து துண்டிக்கப்பட்டு, அப்படியே நின்றுவிட்ட காற்று. எஞ்சிய அடுக்கு என்று சொல்வார்கள். அதற்கும் மேலே சுத்தமான இடைவெளி. சில நாட்களில் அதையும் தாண்டி 2.5, 3 கி.மீ.யில் தனியாக ஒரு கீற்று ஓடும். தொலைவிலிருந்து வரும் தீப்புகையோ பாலைத் தூசோ அப்படித்தான் தோன்றும்.

வெயில் ஏற ஏற அடிப்பட்டையின் மேல் விளிம்பு உயரத் தொடங்கும். காலை 9, 10 மணிவாக்கில் அது எஞ்சிய அடுக்குக்குள் புகுந்து, இரவு முழுக்க மேலே தனித்திருந்த காற்றைக் கீழே கொண்டுவந்து கலக்கும். இங்கேதான் பிராந்திய மாசின் ரகசியமே இருக்கிறது. மேலே நின்ற அந்தக் காற்று இரவில் சும்மா நிற்பதில்லை. தரையின் உராய்வு விட்டுப்போனதால் சில நூறு மீட்டர் உயரத்தில் இரவுக் காற்று வேகம் பிடிக்கும்; விநாடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால்கூட எட்டு மணி நேரத்தில் 288 கி.மீ. கடந்துவிடும். ஆக, காலையில் இந்த நகரத்தின் மேல் இறங்கும் எஞ்சிய அடுக்கு நேற்று மாலை வேறொரு நகரத்தின் மேல் உருவானதாக இருக்கலாம். காலை 10 மணிக்கு ஓசோன் அளவு சட்டென்று எகிறினால் அத்தனையும் அந்நேரத்து வாகனப் புகையிலிருந்து உருவானது என்று கணக்கு எழுதிவிடக் கூடாது. ஒரு பங்கு முந்தைய நாளின் மிச்சம், வேறு ஊரின் மிச்சம்.

உயரே வரும் புகைக்கீற்றையும் இதே போல் கண்டுபிடிக்கலாம். சாதாரண நாளில் நண்பகலை நெருங்க நெருங்கக் கலப்பு அடுக்கு விரிந்து தரையில் நுண்துகள் அளவு குறைய வேண்டும். குறைய வேண்டிய நேரத்தில் அது ஏறினால், விரிந்து போன அடுக்கு மேலே எதையோ தொட்டுவிட்டது என்று அர்த்தம். லிடார் பதிவில் அந்தக் கீற்றின் அடிப்பகுதி கரைந்து கீழே ஒழுகுவது அந்த நேரத்திலேயே தெரியும். 2002-இல் வாஷிங்டன் பக்கம் நடந்தது இதுதான்.

கணினி மாதிரிகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? காற்றுமாசு மாதிரி என்பது வெளியீட்டுக் கணக்கு, வானிலை, வேதிவினை மூன்றையும் சேர்த்து, பிராந்தியத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு மாசு என்று மணிக்கு மணி கணக்கிடுவது. இந்த மாதிரிகள் தவறான காரணத்தால் சரியான விடை தருவது உண்டு. கலப்பு அடுக்கின் உயரத்தை இரு மடங்காகக் கணக்கிட்ட மாதிரி, வெளியீட்டையும் இரு மடங்காக எடுத்துக்கொண்டால் தரை நிலையத்தின் எண்ணோடு அச்சாகப் பொருந்திவிடும். பொருந்துகிறதே என்று நம்பி, 'இந்த ஆலையை மூடினால் எவ்வளவு குறையும்?' என்று அதே மாதிரியைக் கேட்டால் வரும் பதிலில் இரு மடங்கு பிழை இருக்கும். இந்த மறைந்த பிழையைத் தரை நிலையத்தால் காட்டிக்கொடுக்க முடியாது. லிடார் காட்டிக்கொடுத்துவிடும். கொள்கை முடிவுகளுக்கு ஆதாரமாகும் எந்த மாதிரியையும் உயரவாரி அளவோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தீப்புகை எந்த உயரத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது என்பது இன்னொரு பலவீனமான கண்ணி. தீயின் வெப்பம், அன்றைய காற்றின் நிலைப்புத்தன்மை இரண்டையும் பொறுத்துப் புகை சில நூறு மீட்டரில் நிற்கலாம், பல கிலோமீட்டர் ஏறலாம். வெவ்வேறு உயரத்தில் காற்று வெவ்வேறு திசையில் வீசும். ஆகவே மாதிரியில் 1 கி.மீ.யில் விட்ட புகை ஓர் ஊருக்கும், 4 கி.மீ.யில் விட்ட புகை வேறோர் ஊருக்கும் போய்ச் சேரும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இலவசமாகத் தரும் ஹைஸ்பிளிட் போன்ற கருவியில் காற்று வந்த பாதையைப் பின்னோக்கித் தேடும்போதும் முதலில் கேட்கப்படுவது உயரம்தான். 500 மீட்டர் என்று ஒரு பழக்கத்துக்குப் போட்டுப் பார்ப்பதற்கும், அன்றைய லிடார் காட்டிய 2,800 மீட்டரைப் போட்டுப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

லிடார் அளவீட்டை நேரடியாக மாதிரிக்குள் ஊட்டி, அதன் போக்கை வழியிலேயே திருத்துவது அடுத்த படி. ஜப்பானில் ஆசியப் பாலைத் தூசுக்கு இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012 ஜூலையில் ஐரோப்பாவின் ஏர்லினெட் என்ற லிடார் வலையமைப்பைச் சேர்ந்த 11 நிலையங்கள் 72 மணி நேரம் தொடர்ந்து அளந்த பதிவுகளை மாதிரிக்குள் கொடுத்தபோது துகள் முன்னறிவிப்பு மேம்பட்டது. தரை அளவை மட்டும் ஊட்டினால் அதன் பலன் சீக்கிரம் கரைந்துவிடும், ஏனென்றால் காலையில் கலப்பு அடுக்கு வளர்ந்ததும் மேலே இருக்கும் தவறான காற்று கீழே வந்து திருத்தத்தை அழித்துவிடுகிறது. மேலே உள்ளதையும் சேர்த்துத் திருத்தினால் அப்படி ஆகாது.

விண்வெளியிலிருந்தும் இதைச் செய்ய முடியும் என்று 1994 செப்டம்பரில் டிஸ்கவரி விண்கலத்தில் போன லிடார் நிரூபித்தது. 2006 ஏப்ரலில் நாசாவும் பிரான்சின் விண்வெளி அமைப்பும் ஏவிய கலிப்சோ செயற்கைக்கோள் 2023 வரை பூமியைச் சுற்றிச் சுற்றி உயரவாரிப் பதிவுகளை எடுத்தது. சகாராவிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 18.2 கோடி டன் தூசு அட்லாண்டிக்கை நோக்கிக் கிளம்புகிறது, அதில் சுமார் 2.8 கோடி டன் அமேசான் படுகையில் விழுகிறது என்ற கணக்கு கலிப்சோ தந்தது. ஆனால் அதன் கற்றை தரையில் 70 மீட்டர் அகலமே தொட்டது. அதே தடத்துக்குத் திரும்ப 16 நாட்கள் ஆனது. கண்டங்களுக்கு இடையிலான பயணத்தை அறிய அது அருமையான கருவி; ஒரு நகரத்தின் செவ்வாய்க்கிழமைப் புகையை அறிய உதவாது. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோள், ஊக விகிதம் தேவைப்படாத 355 நானோமீட்டர் லிடாரைச் சுமந்து செல்கிறது. அளவு துல்லியம், தடம் அதே மெல்லிய கோடுதான். ஆகவே தரையில் வேரூன்றிய வலையமைப்புகளுக்கு மாற்றே இல்லை.

குறைகளையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். அடர்ந்த மேகத்துக்கு மேலே லேசர் பார்க்காது. பல கருவிகளில் முதல் சில நூறு மீட்டர் வரை கற்றையும் தொலைநோக்கியின் பார்வையும் முழுதாக ஒன்று சேர்வதில்லை. மக்கள் வாழும் உயரமே அங்கு மங்கலாகிறது. கூடவே, லிடார் அளப்பது ஒளிச்சிதறலை, எடையை அல்ல. ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கும்போது துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்பெருகும். உலர் எடை கூடாமலே சிதறல் இரு மடங்கு, அதற்கும் மேலேகூடப் போகும். பனிமூட்டமான காலையில் லிடார் காட்டும் அடர்த்தியை அப்படியே மைக்ரோகிராமாக மாற்றி எழுதுவது பெரிய தவறு. தரையில் எடை அளக்கும் நிலையமும், அருகே ஈரப்பதமும், மொத்தக் கணக்குக்குச் சூரிய ஒளிமானியும் சேர்ந்தால்தான் லிடார் முழுமையாகப் பேசும்.

செலவு என்று வரும்போது பலருக்கும் தெரியாத ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. விமான நிலையங்களில் மேகத்தின் அடி உயரத்தை அளக்க சீலோமீட்டர் என்ற சிறு லேசர் கருவி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது எளிய லிடார்தான், பெரும்பாலும் அகச்சிவப்பில் இயங்குவது. ராமன் லிடாரின் நுட்பம் அதற்கு இல்லை. ஆனால் இரவும் பகலும் ஆள் துணையின்றி ஓடும், கலப்பு அடுக்கின் உயரத்தை நன்றாகவே காட்டும், தடித்த புகைக்கீற்றையும் பிடிக்கும். ஐரோப்பாவில் வானிலை அமைப்புகள் ஒன்று சேர்ந்து ஈ-புரொஃபைல் என்ற திட்டத்தில் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான கருவிகளின் முழுப் பதிவையும் ஒரே இடத்தில் திரட்டுகின்றன. மேக உயரம் என்ற ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பிவந்த முழுப் பதிவையும் சேமிக்காமல் விட்டுவிடும் இடங்களில், அதைச் சேமிக்கத் தொடங்குவதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.